ஆத்தோட போனது

சாடிவயலில் எங்களை உதிர்த்துவிட்டு
பஸ் திரும்பிப் போனபோது மணி ஆறரை.
வனக்காவலர் தோள்பைகளை ஏற இறங்கப் பார்த்தார்:
"ஏனுங்க, ஊட்டக் காலி பண்ணீட்டு வந்துட்டீங்களா?"

நாலு பேர்.
சென்னியப்பன் முதுகில் கூடாரம்.
எடை குறையட்டுமென்று
பல்துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்து வந்திருந்தான்.
மெகருன்னிசாவிடம் மருந்தும் மிளகாய்த்தூளும்
ஒரே பொட்டலத்தில்.
என்னிடம் அடுப்பு, அரிசி, பருப்பு.
திலகமணியிடம் வரைபடம்.
மூணு மாசம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து
செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
வாய்க்கால் மேடு, இட்டேரி, கிளுவை வேலிச் சந்து என்று
அவள் இழுத்த ஒற்றைக் கோடு.
நொய்யல் இறங்குகிற இடத்திலிருந்து
காவேரியில் விழுகிற இடம்வரை.
"எட்டு நாள். ஆத்த உட்டு
அரைக் கிலோமீட்டர் தள்ளப்படாது."

பிறகு அவள் பையிலிருந்து, காலுறைக்குள் சுருட்டிய
ஒரு கண்ணாடி டம்ளர் வெளியே வந்தது.
சென்னியப்பன் தன் பல்துலக்கியை நினைத்து
ஒரு மைல் தூரம் புலம்பினான்.
அவள் ஓடையில் மொண்டு
வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.
சாயப்பட்டறை லேபில் பதினாறு வருஷம்.
நமக்கு நீலம் என்பது
அவளுக்கு ஒரு நம்பர்.
டம்ளரில் ஒன்றுமே இல்லை, வெளிச்சம்தான்.
குடித்துவிட்டுத் துடைத்து வைத்தாள்.

ஆனி மாசத்து மேகாத்து
முதுகில் கைவைத்துத் தள்ளியது.
கணவாய் வாயைத் திறந்தால்
கிழக்கே நடப்பவனுக்குப் பாரம் பாதி.
பேரூர்ப் படித்துறையில் கால் நனைத்தோம்.
சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில்
மெகரு என் குதிகால் கொப்புளத்தை
ஊசியால் குத்தினாள், பிறைநிலா பார்த்தபடி.
சூலூர் தாண்டி யாரும் யாரோடும் பேசவில்லை.
உப்பு யார் மறந்தது என்று சண்டை.
அன்றைக்கு அரிசிம்பருப்பு சப்பென்றுதான் இருந்தது,
ஆனாலும் சட்டியை வழித்தோம்.

தினமும் காலையில் டம்ளர்.
மங்கலத்தில் அவள் அதை
வெயிலுக்குக் காட்டவில்லை.

அஞ்சாம் நாள் உச்சிப்பொழுது, திருப்பூர்ப் பாலத்தடி.
எந்தக் குழாய் எந்தக் கம்பெனி என்று
ஒருவரும் கேட்கவில்லை.
"செருப்புக் கடிக்குது," என்றாள் திலகமணி.
ரெண்டு வருஷம் போட்டுப் பழகிய செருப்பு.
வரைபடத்தையும் டம்ளரையும் என் பையில் திணித்துவிட்டு
மேட்டேறி
முதலில் வந்த மினிபஸ்ஸில் ஏறினாள்.

அன்று ராத்திரி
நாலு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.
மறுநாளும்.
சென்னியப்பன் பார்த்தான், கேட்கவில்லை.
மிச்சத்தைத் தின்ன ஒரு செவலை நாய்
கொடுமணல்வரை கூடவே வந்தது.
அங்கே உழவு ஓட்டியவர்
மழை பெய்தால் மண்ணில் கல்மணி கிடைக்குமுங்க என்றார்.
தலைகுனிந்து ஒரு மணி நேரம் தேடினோம்.
மெகருவுக்கு ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது.

வரைபடத்தை அப்போதுதான் முழுசாக விரித்தேன்.
திருப்பூர்ப் பாலம்வரை கோடு மையில்.
அதற்கப்புறம் பென்சிலில்,
தொட்டால் விரலோடு வரும் அளவுக்கு
லேசாக.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தண்ணீரோடு தண்ணீர் சேர்ந்தது.
எது நம்முது, எது காவேரி
என்று கை நீட்டும்போதே கலந்துவிட்டது.
போன் அடித்தது.
"என்ன நெறம்?"
வேறு ஒன்றும் கேட்கவில்லை அவள்.
டீத்தண்ணி, என்றாள் மெகரு.
இல்லை, கருப்பட்டிக் காப்பி, என்றான் சென்னியப்பன்.
நான் டம்ளரில் மொண்டு
மிச்சமிருந்த வெயிலில் பிடித்தேன்.
பார்த்தேன்.
எனக்கு நம்பர் தெரியாது.
"சொல்லத் தெரியலே, திலகா."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
"ஊத்தீறாதே," என்றாள்.
"ஈரோட்டுக்குப் போயி மாறோணுமா,
இல்ல, கரூர் பஸ்ஸா?"

மெகரு ஈரோடு என்றாள்.
சென்னியப்பன் கரூர்தான் என்று கத்தினான்.
டம்ளர் தளும்பாமல் பிடித்துக்கொண்டு
கரையில் நின்றேன்.